இன்னும் ஒரு பேப்பர்

அந்தக் கட்டடம் முன்பு ஆஸ்பத்திரியாக இருந்தது. ஒரே வருடத்தில் மூன்றாவது கிளை திறக்கும் ஹெல்த் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் புதிதாய்க் கட்டப் பொறுமை ஏது? வார்டை வாடகைக்கு எடுத்து, கட்டில் கிடந்த இடங்களில் மேஜைகளைப் போட்டுவிட்டார்கள். நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. புது பெயின்ட் வாசனைக்கு அடியில் லேசாக டெட்டால்.

அவள் வந்து உட்கார்ந்தாள். நாளைக்கு வேலை நிரந்தரம். நிரந்தரமானால் அப்பாவும் கம்பெனி பாலிசிக்குள் வந்துவிடுவார். அவருடைய இதய வால்வு ஆபரேஷன் அதற்காகத்தான் காத்திருந்தது. அதுவரை அவள் பெயரில் ஒரு சிவப்புப் புள்ளி விழக் கூடாது.

ஆபரேஷனுக்கு அனுமதி கேட்டு ஆஸ்பத்திரி அனுப்பும் ஃபைலுக்கு ஒரு மணி நேரத்தில் பதில் போகாவிட்டால் சிவப்பு. ஆனால், இன்னொரு பேப்பர் வேண்டும் என்று கேள்வி அனுப்பிவிட்டால் கடிகாரம் நின்றுவிடும்; பேப்பர் வந்தபின் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

"ஏய் இவளே, ஃபைலைப் படிச்சுக்கிட்டா இருக்கே? எழுபது நிக்குது" என்றாள் பக்கத்து சீட் அக்கா. "ஐம்பத்தெட்டாவது நிமிஷம் ஒரு கேள்வியைத் தட்டிவிடு. பழைய எக்ஸ்ரே கேளு. அது எவன் வீட்டுலயும் இருக்காது."

இருவரும் சிரித்தார்கள்.

மதியம் ஒரு ஃபைல். அறுபத்தொரு வயதுக்காரர், குடல் ஆபரேஷன், அவசரம். காலையிலிருந்து அவரிடம் இரண்டு பேப்பர் கேட்டாகிவிட்டது, அவரும் அனுப்பிவிட்டார். அவள் திறந்து பார்க்கவில்லை. ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில் தட்டினாள்: 'பழைய எக்ஸ்ரே அனுப்பவும்.'

கடிகாரம் நின்றது.

கால் மணி நேரம் போயிருக்கும். ஏ.சி. இரைச்சல் சட்டென்று அடங்கியது. ஈரத் துணியின் வாசனை வந்தது.

டைல்ஸில் வெறுங்கால் சத்தம்.

பக்கத்துக் காலி நாற்காலியில் பிளாஸ்டிக் நொறுநொறுத்தது.

பச்சை கவுன். புறங்கையில் குத்திய ஊசி அப்படியே இருந்தது, டியூப் இல்லை. மடியில் ஒரு பெரிய பழுப்புக் கவர்.

"எக்ஸ்ரே கேட்டீங்களாம்மா" என்றது கிசுகிசுப்பு. "நானே கொண்டு வந்துட்டேன்."

ஸ்கிரீனில் அவருடைய ஃபைலின் கீழே ஒரு வரி புதிதாய் வந்திருந்தது. நோயாளி இறந்தார், 2.10.

இப்போது மணி 2.25.

"அக்கா..."

அக்கா ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"திரும்பாதே. எனக்கும் ரெண்டு பேர் இருக்காங்க. பழகிடும்."

"பார்த்து ஓகே பண்ணிடுங்கம்மா. அங்கே டாக்டர் ரெடியா நிக்கிறாரு."

இறந்தவர் ஃபைலை ஓகே செய்தால் சிவப்பு. அவளுக்கு அப்பா மூச்சு வாங்குவது ஞாபகம் வந்தது. வாய் தானாகப் பேசியது.

"இது பத்தாது. இன்னும் ஒரு பேப்பர் வேணும்."

"சரிம்மா." நாற்காலி காலியானது. "கொண்டு வரேன்."

அவள் அடுத்த ஃபைலைத் திறந்தாள்.

மறுநாள் வேலை நிரந்தரமான ஆர்டர் வந்தது. அந்த வாரமே அப்பா அட்மிட் ஆனார். ஆபரேஷனுக்கு அனுமதி கேட்கும் ஃபைல் எங்கே என்று தேடினாள். அது அக்காவின் வரிசையில் இருந்தது.

"அக்கா! அது எங்கப்பா ஃபைல்!"

"ஐயோ, இப்பத்தானே தட்டிவிட்டேன்." அக்கா கொட்டாவி விட்டாள். "எக்ஸ்ரேதானே இவளே, கொண்டு வந்துடுவாங்க."

போன் அதிர்ந்தது. அப்பா.

"என்னவோ எக்ஸ்ரே கேட்டாங்களாம்மா. நீ கவலைப்படாதே. இங்க ஒருத்தர், பாவம், புறங்கையில ஊசியோடயே நடமாடுறார். எங்கே கொண்டு போய்க் கொடுக்கணும்னு அவருக்குத் தெரியுமாம். கையைப் பிடிச்சு எழுப்பிட்டார். கிளம்பிட்டோம்."

"அப்பா, அவரோட போகாதீங்க! திரும்பிப் போய்க் கட்டில்ல படுங்க!"

"எப்படிம்மா?" அப்பாவின் குரலில் வலியே இல்லை. "அதுல யாரோ படுத்திருக்காங்களே. பார்க்க அச்சு அசலா என்னை மாதிரியே இருக்கார்."

போனுக்குள் லிஃப்ட் மணி அடித்தது.

அதே நொடி, ஹால் கோடியிலும் அடித்தது.