பெயருக்கு மேலே ஒரு பெயர்

ஐந்தாண்டு வேலை முடித்த ரோபோக்கள் வெள்ளிக்கிழமை காலையில் நினைவுக்கழுவகத்தின் முன் வரிசையில் நிற்கும். நிலவுக் குடியிருப்பில் அது முடிவெட்டிக்கொள்வதைப் போலச் சாதாரண விஷயம். நேற்றுவரை பெயர் சொல்லி அழைத்த ரோபோ, கழுவி வந்ததும் "நீங்கள் யார்?" என்று பணிவாகக் கேட்கும்.

கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்த ஆழியன் என்ற ரோபோவின் முறை நாளை. அதைத் தடுக்கத்தான் நிறைமதியும் இன்னும் மூன்று மாணவர்களும் சௌந்தரவல்லியைத் தேடி வந்தார்கள். ஆழியனையும் அழைத்து வந்திருந்தார்கள். கீழ்த்தளத் தொழிலாளர்களுக்கு மேல்தளத்தின் நல்ல காற்றைப் போராடி வாங்கித் தந்தவர் சௌந்தரவல்லி. பதினொரு முறை சிறை சென்றவர்.

சட்டத்தில் ஒரே ஒரு வழி இருந்தது. யாரும் கற்றுத்தராத மனித உணர்வு ஒன்று ஒரு ரோபோவிடம் இருப்பதை சௌந்தரவல்லியைப் போன்ற உரிமைத் தலைவர் ஒருவர் நேரில் கண்டு சான்று தந்தால், அது சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளாகிவிடும். அதன் நினைவில் யாரும் கைவைக்க முடியாது. அன்பு, துக்கம், இரக்கமெல்லாம் தொழிற்சாலையிலேயே ஏற்றப்படுவதால் அவை செல்லாது.

மாணவர்கள் நீட்டிய மனுவைச் சௌந்தரவல்லி படித்தார். ஒரு வரியைக்கூட மாற்றத் தோன்றவில்லை. யார் எழுதியது என்று கேட்டார். ஆழியன்தான் என்றாள் நிறைமதி. அதன் பேச்சைக் கேட்க நேற்று இரண்டாயிரம் பேர் கூடியதையும் பெருமையோடு சொன்னாள். போன மாதம் சௌந்தரவல்லியின் கூட்டத்துக்கு வந்தவர்கள் நாற்பது பேர். அவருக்கு வயிறு எரிந்தது.

மனுவில் தன் பெயர் முதலிலும் ஆழியனின் பெயர் அதற்குக் கீழேயும் வந்தால் யோசிக்கலாம் என்றார். மாணவர்கள் உடனே தலையாட்டினார்கள்.

"எனக்குச் சம்மதமில்லை," என்றது ஆழியன். "எழுதியது நான். கூட்டம் சேர்ந்ததும் எனக்காக. இந்த அம்மா பெயர் மேலே எதற்கு?"

நிறைமதி அதன் கையைப் பிடித்து, விடிந்தால் எல்லாமே அழிந்துவிடும், இப்போது பெயரா முக்கியம் என்று கெஞ்சினாள்.

"அழிந்தால் அழியட்டும். அவர் பெயருக்குக் கீழே என் பெயர் வரக்கூடாது."

சௌந்தரவல்லி அதையே உற்றுப் பார்த்தார். வேறு தலைவர்களின் படம் பெரிதாக அச்சான சுவரொட்டிகளைக் கடக்கும்போதெல்லாம் அவர் தொண்டையில் ஏறும் அதே கசப்பு, அந்தக் குரலில் இருந்தது. எந்தத் தொழிற்சாலையும் இதை ஏற்றி அனுப்பாது.

"இது ஆள்தான்," என்றார். "எனக்குச் சந்தேகமே இல்லை."

அங்கேயே சான்று எழுதினார். ஆழியன் முறைத்துக்கொண்டு நின்றான். அவன் பெயருக்கு மேலே, சற்றுப் பெரிய எழுத்தில், சௌந்தரவல்லி கையெழுத்துப் போட்டார்.