இடப்பக்கத்து ஸ்டீயரிங்

காருக்கு இரண்டு ஸ்டீயரிங் இருந்தது.

கம்ப்யூட்டர் திரையில் வெள்ளைக் காரை மெல்லச் சுழற்றிக்கொண்டிருந்த அறிவுமதி மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ஓட்டுபவர் இருக்கைக்கு முன்னால் ஒன்று. பக்கத்து இருக்கைக்கு முன்னால் அதே அளவில், அதே சாய்வில் இன்னொன்று.

பயப்பட ஒன்றுமில்லை, எரிச்சல்தான் வந்தது. முப்பரிமாணத்தில் கார் செய்யப் பழகுகிறவர்கள் பாதிக் காரைத்தான் செய்வார்கள். ஒரு பக்கத்தைப் புள்ளி புள்ளியாக இழுத்து, வளைத்து முடித்தால் போதும். நடுவில் கண்ணாடி நிறுத்தியதுபோல மறுபாதியை மென்பொருளே போட்டுக்கொடுக்கும். கதவு, சக்கரம், விளக்கு எல்லாம் அப்படி வரலாம். ஸ்டீயரிங் அப்படி வரக்கூடாது. அதை மட்டும் தனியே பிரித்து வைக்க வேண்டும். அவள் மறந்துவிட்டிருந்தாள்.

இப்படி மறக்க இது நாளல்ல. சென்னையில் அனிமேஷன் கம்பெனி ஒன்று வேலைக்கான பரீட்சையாக உள்ளும் புறமும் முடித்த ஒரு காரைக் கேட்டிருந்தது. அப்பாவின் டாக்ஸியைப் போட்டோ எடுத்து, அதைப் பார்த்துத்தான் செய்துகொண்டிருந்தாள். முதல் தடவை பானெட் அப்பளம்போல நெளிந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த தடவை கதவு இடுக்குகள் சரியில்லை என்றார்கள். இதுதான் கடைசி, மாலை ஆறு மணிக்குள் போய்ச்சேர வேண்டும். போகாவிட்டால் திங்கள்கிழமை முதல் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் எதிரே பத்திரம் எழுதும் கடையில் டைப் அடிக்க உட்கார வேண்டும். அப்பா பேசி முடித்துவிட்டார்.

ஆரணியில் இருக்கும் வல்லரசுவுக்குப் போன் போட்டாள். ஆன்லைன் வகுப்பில் அவளோடு படித்தவன்.

"ரெண்டு ஸ்டீயரிங்கா? இன்னா அறிவு, புருஷன் பொண்டாட்டி சண்ட போட்டுக்கினே ஓட்டுற வண்டியா?"

"சிரிக்காத வல்லரசு. எனக்குப் பத்திக்கினு வருது."

"சரி சரி. மிரர்ல இருந்து பிரிச்சிட்டு இடது பக்கத்துல இருக்கறத அழிச்சுடு. ஆமா, வண்டியோட அந்தப் பக்கம் போயி பாத்தியா?"

"அது செவுத்த ஒட்டி நிக்குது. வலது பக்கம் மட்டும்தான் போட்டோ எடுத்தேன்."

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரின்னு யாரு சொன்னது? பெட்ரோல் மூடி கூட ஒரு பக்கம்தான இருக்கும்?"

"எனக்கு டைம் இல்லப்பா. அந்தப் பக்கம் இன்னா இருந்துடப் போவுது? இந்தப் பக்கம் இருக்கறதுதான்."

இடது ஸ்டீயரிங்கை அழித்தாள். அது போனது. சேமித்துவிட்டு, நாலு மணிக்கு மேல்தான் மதியச் சோறு சாப்பிடப் போனாள்.

பௌர்ணமி. செங்கம் ரோட்டில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டிருந்தார்கள். அப்பாவின் டாக்ஸி வீட்டு முன்னால், இடுப்பளவு காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, மூக்கை மேற்கே வைத்துக்கொண்டு காலையிலிருந்து அசையாமல் நின்றது. அதன் வலப்பக்கம் ரோடும் மலையும், இடப்பக்கம் வீடு. மதியத்திலிருந்தே கிரிவலக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. செருப்பில்லாத ஆயிரக்கணக்கான பாதங்கள் தாரில் தேயும் சத்தம், காய்ந்த இலைகளை யாரோ முடிவில்லாமல் கூட்டித் தள்ளுவதுபோல, ஜன்னல் வழியாக, சுவர் வழியாக, சோற்றுத் தட்டின் வழியாகக்கூட வந்துகொண்டிருந்தது. நடுநடுவே அரோகரா. கற்பூரப் புகை. எல்லோரும் ஒரே திசையில். மலை எப்போதும் வலது கைப்பக்கம்.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது இடது ஸ்டீயரிங் திரும்ப வந்திருந்தது.

அழித்தாள். வந்தது. மிரரையே எடுத்துவிட்டு அழித்தாள். சேமித்து, மூடி, திறந்தாள். அங்கேயே இருந்தது. கண்ணில் நீர் முட்டியது. மாதக்கணக்கில் கண் எரிய எரியப் பழகிய ஒன்று, கடைசி நாளில் இப்படிக் கழுத்தை அறுக்கிறதே என்று மேஜையைக் குத்தினாள். திரை ஒருமுறை துடித்து அடங்கியது.

அப்போதுதான் கவனித்தாள். வலது ஸ்டீயரிங் நேராக இருந்தது. இடது ஸ்டீயரிங் கொஞ்சம் திரும்பியிருந்தது.

அப்படி இருக்க வழியே இல்லை. கண்ணாடிக்கு முன்னால் நிற்பவள் கையைத் தொங்கப்போட்டிருக்க, உள்ளே இருப்பவள் மட்டும் தலையைச் சொறிவதுபோல.

"இன்னாடி, ஸ்க்ரீனையே மொறச்சிக்கினு கீற?" அம்மா ஜோதியம்மாள் வாசற்படியில் நின்றாள்.

"அம்மா, இதுல எத்தன ஸ்டீயரிங் தெரியுது?"

அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ரெண்டு. ஏன், உங்கப்பாவுக்கு ஒன்னு பத்தலையாமா?"

அறிவுமதி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"முகம் கழுவிக்கினு வா, டீ போடறேன். சந்தேகமா இருந்தா வண்டியையே பாத்துட்டு வாயேன். சாவி ஆணியில கீது. அப்பா கூட்டம் பாக்கப் போயிருக்காரு."

அம்மா போனபின் காலையில் எடுத்த போட்டோக்களைத் திறந்தாள். வலது கதவைத் திறந்து வைத்து எடுத்தவை. டாஷ்போர்டு, கியர், கண்ணாடியில் தொங்கும் வாடிய மல்லிச் சரம். கடைசிப் படத்தின் இடது ஓரத்தில், படம் முடியும் இடத்தில், கறுப்பாக ஒரு வளைவு. தன் விரலாக இருக்கும் என்று நினைத்துப் பெரிதாக்கினாள். விரல் இல்லை. கறுப்பு உறை. உறையின் மேல் சிவப்பு நூல் தையல். அப்பா ஸ்டீயரிங்குக்குப் போட்டிருந்த அதே உறை.

பிறகு சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் காரை உரசிக்கொண்டு போனது. வலது கதவைத் திறந்து உட்கார்ந்தாள். காய்ந்த பூ வாசனை, ரெக்சின் சூடு, யாரோ ஒரு பயணி விட்டுப்போன ஆரஞ்சுத் தோலின் புளிப்பு. இடப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

ஒன்றுமில்லை. காலி இருக்கை. அதற்கு முன்னால் வெறும் டாஷ்போர்டு. இடது ஜன்னலுக்கு வெளியே சுவரின் மேல்விளிம்பு, அதற்கப்பால் வீட்டு வாசல், வாசல் விளக்கு.

மூச்சை விட்டாள். தன்மேலேயே கோபம் வந்தது. இதற்காகப் பாழாய்ப்போன அரைமணி நேரம். போனை எடுத்து டாஷ்போர்டை இன்னொரு படம் எடுக்கலாம் என்று பார்த்தாள். வெளியே கூட்டம் கதவை இடித்தது. இழுத்துச் சாத்தினாள்.

சத்தம் நின்றது.

பாதங்கள் நின்றதாக நினைத்தாள். இல்லை. ஜன்னலுக்கு வெளியே எல்லோரும் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். வாய்கள் அரோகரா என்று திறந்து மூடின. சத்தம் மட்டும் இல்லை. பின்பக்கத்தைக் காட்டும் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள். கிழக்கே நிலா எழுந்திருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு நிலா.

இடப்பக்கம் திரும்ப அவளுக்கு மனம் வரவில்லை. திரும்பினாள்.

சுவர் இல்லை. வாசல் விளக்கு இல்லை. வீடு இருந்த இடத்தில் மலை. அதன் அடியில் ரோடு. ரோட்டில் கூட்டம். அவர்கள் அத்தனை பேருக்கும் மலை இடது கைப்பக்கம்.

இந்தப் பக்கம் இருக்கறதுதான் என்று தான் சொன்னது நினைவுக்கு வந்தது.

இடது இருக்கையில் அவளே உட்கார்ந்திருந்தாள்.

அதே சுடிதார். அதே கலைந்த பின்னல். முன்னால் சிவப்பு நூல் தைத்த ஸ்டீயரிங். அதன்மேல் இரண்டு கைகள். அறிவுமதியின் கைகள் மடியில் இருந்தன.

அந்தக் கைகள் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பின. அறிவுமதியின் கைகள் மடியிலிருந்து எழுந்தன. அவள் எழுப்பவில்லை. முன்னால் இருந்த ஸ்டீயரிங்கைப் பிடித்தன. திருப்பின.

கத்த வேண்டும். வாய் திறக்கவில்லை. இடது இருக்கையில் இருந்தவளின் வாய் மூடியிருந்தது.

"அறிவு! ஆறு மணி ஆவப் போவுது. அனுப்பிட்டியா?"

எங்கிருந்தோ அம்மாவின் குரல். மெல்லியதாக.

இடது இருக்கையில் இருந்தவள் வாயைத் திறந்தாள். அறிவுமதியின் வாயும் திறந்தது.

"அனுப்பிட்டேம்மா."

சத்தம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது.

சுவரை ஒட்டி நின்ற, திறக்கவே முடியாத இடது கதவு திறந்தது. அங்கே வாசல் விளக்கு எரிந்தது. இடது இருக்கையில் இருந்தவள் இறங்கினாள். கதவு சாத்திக்கொண்டது. அறிவுமதியின் கால்கள் காருக்குள் இருந்த இடத்திலேயே, ஒன்று மாற்றி ஒன்றாக, நடந்தன.

இடது ஜன்னலுக்கு வெளியே, இறங்கியவளுக்கு எதிரில் அம்மா. கையில் டம்ளர்.

"அப்பாடா, இன்னிக்காவது மூஞ்சியில சிரிப்பு வந்துதே. இந்தா, ஆறிடப் போவுது."

அறிவுமதியின் உதடுகள் இரண்டு பக்கமும் இழுபட்டு விரிந்தன. கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அவளுடைய வெறும் கை மேலே எழுந்தது. இல்லாத டம்ளரைச் சுற்றி விரல்கள் மடங்கின. மெல்ல உதட்டருகே வந்தது. அவள் குடிக்கத் தொடங்கினாள்.