எழுப்பிவிடும் குரல்

முத்துராணியின் அப்பா மாரிராஜ் இறந்துபோய்விட்டார். விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் இரவு வேலை பார்த்தவர். காலையில் மகளை எழுப்ப வீட்டில் இருக்க முடியாதே என்று, தன் குரலைப் பழைய மடிக்கணினியில் பதிந்து வைத்திருந்தார். முதலில் செல்லமாகக் கூப்பிடும், பிறகு அதட்டும். அவர் போன பிறகும் அது கூப்பிட்டது. போன வாரம் கணினியும் செத்துவிட்டது.

“மதர்போர்டுல இந்தச் சிப் இருக்குல்லா? இதுல உள்ள ஃபார்ம்வேர்தான் கம்ப்யூட்டரை எழுப்பிவிடும். அது கெட்டுப்போச்சு” என்றார் ரிப்பேர் கடை ஹெப்ரான் அண்ணன். “பழைய மாடலுக்கு அந்த ஃபார்ம்வேரைத் தர மாட்டேன்னு கம்பெனிக்காரன் கைவிரிச்சிட்டான்.”

“அப்போ அவ்வளவுதானாண்ணே?” என்றாள் முத்துராணி.

“பல ஊர்க்காரங்க சேந்து எழுதுன வேற ஒண்ணு இருக்கு. ஓப்பன் சோர்ஸ். யாரும் எடுத்துக்கிடலாம். ஏத்திப் பாக்கேன். ஆனா பாதியில கரண்டு போச்சுன்னா போர்டு அம்புட்டுதான். அப்பா குரல் இருக்க மெமரியும் அந்தப் போர்டுலயேதான் ஒட்டியிருக்கு, தனியா எடுக்க முடியாது.”

“யு.பி.எஸ்?”

“அதுவும் ரிப்பேரு.”

“ரிப்பேர் கடையிலேயா!”

“சும்மா இரு. இன்னைக்குக் கரண்டு கட் இல்லன்னு விசாரிச்சிட்டேன்.”

கடைக் கம்ப்யூட்டரிலிருந்து வந்த ஒயரின் கிளிப்பைச் சிப்பில் மாட்டி, நழுவாமல் விரலால் அழுத்திக்கொண்டு ஏற்றத் தொடங்கினார். பாதி ஏறியிருக்கும். தெருமுனையில் கொட்டும் சங்கும் கேட்டன.

“ஐயையோ! இதை நினைக்கலியே!” என்றார் ஹெப்ரான்.

அந்தத் தெருவில் சவ ஊர்வலம் போனால் கடைகளில் வெளிச்சம் இருக்கக் கூடாது. கடைகளின் கட்டடச் சொந்தக்காரர் செந்தூர்பாண்டி அண்ணாச்சி, எல்லாக் கடைக்குமான மெயின் சுவிட்சையே இறக்கிவிடுவார். ஹெப்ரானால் கையை எடுக்க முடியாது. முத்துராணி ஓடினாள். அண்ணாச்சியின் கை சுவிட்சில் இருந்தது.

“இறக்காதீங்க அண்ணாச்சி! எங்கப்பா குரல் போயிரும்!”

“ஏட்டி, செத்தவங்களுக்கு மரியாதை வேண்டாமா? உங்கப்பா போனப்பவும் இருட்டாத்தான் வச்சேன்.”

அவளுக்கு நினைவிருந்தது. தெருமுனை வரை அழுதுகொண்டு வந்தபோது, கடைகளெல்லாம் இருண்டு நின்றது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. இன்றும் யாரோ ஒரு பிள்ளை அழுதுகொண்டு வரும். அதற்கு அந்த ஆறுதல் இல்லாமல் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை.

“வெளிச்சந்தானே இருக்கக் கூடாது? ஒவ்வொரு கடையா லைட்டை மட்டும் அணைக்கேன். மெயின்ல கை வைக்காதீங்க அண்ணாச்சி!”

அண்ணாச்சி அவள் முகத்தைப் பார்த்தார். “சரி, நீ இங்கன இருந்து வா. நான் அந்தக் கடைசியில இருந்து வாரேன்.” தொந்தி குலுங்க, வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

பேக்கரி அணைந்தது. தையல் கடை அணைந்தது. கடைசியாக ஹெப்ரான் கடை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடைக் கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சம் வெளியே தெரியாமல் புத்தகப்பையைத் தூக்கிப் பிடித்தாள். கை கடுத்தது. ஊர்வலம் கடந்தபோது உண்மையாகவே ஒரு பிள்ளை “அம்மா” என்று அழுதது. முத்துராணியும் சத்தமில்லாமல் அழுதாள்.

“ஏறி முடிஞ்சிட்டு” என்று பைய சொன்னார் ஹெப்ரான். போர்டை மடிக்கணினியில் மறுபடி மாட்டி, பொத்தானை அமுக்கினார். திரை கறுப்பாகவே கிடந்தது. பிறகு மெல்ல வெளிச்சம் வந்தது.

மறுநாள் காலை.

“முத்து, எந்திம்மா. விடிஞ்சிட்டுல்லா.”

அவள் எப்போதோ விழித்திருந்தாள். ஆனாலும் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தாள். இன்னும் அப்பா அதட்டவில்லையே!