வடகிழக்கு ஓரத்துப் புள்ளி

நிலவில் ஓர் இரவு பதினான்கு நாள் நீளும். அந்த இரவின் ஐந்தாம் நாள் காலை, குழந்தைகள் பள்ளிக்குப் போன பிறகு, ஜெசிந்தா கண்ணாடிக் கூரை வேய்ந்த தன் தோட்டத்துக்கு வந்தாள். படமெடுக்க இருட்டு வேண்டுமென்று செடி விளக்குகளை இரண்டு நாளாக அவள் ஏற்றவில்லை. வெண்டை வாடிக்கிடந்தது. தொட்டிகளுக்கு நடுவே நின்ற தொலைநோக்கி, கண்ணுக்கே தெரியாத ஒரு மங்கிய விண்மீன் மண்டலத்தின் ஒளியைப் பதினொரு மணி நேரமாகச் சேர்த்து, இரண்டாவது படத்தை முடித்திருந்தது.

அந்த நிலவுக் குடியிருப்பில், தொலைநோக்கியில் பொருத்தும் எல்லாக் கேமராவிலும் 'திருத்தி' உண்டு. எடுத்த படத்தை, வானத்தின் படங்களைக் காத்துவைக்கும் விண்பதிவகத்தின் மூலப்படத்தோடு ஒப்பிட்டு, கறைகளை நீக்கி, விடுபட்டதை நிரப்பித் தரும். அதனால் எல்லாருடைய படமும் அழகாக இருக்கும், ஒன்றுபோலவும் இருக்கும். ஜெசிந்தா இந்த முறை அதை அணைத்துவிட்டு எடுத்திருந்தாள்.

மண்டலத்தின் வடகிழக்கு ஓரத்தில் ஒரு புள்ளி. அவள் முதல் படத்தைத் திறந்தாள். அதிலும் இருந்தது.

"என்ன ஜெசி, மூஞ்சி வெளிறிக் கெடக்கு?" என்றான் கணவன் அமல்ராஜ்.

"ஏங்க, பதிவகத்துப் படத்துல இது இல்ல. ஏதோ நட்சத்திரம் வெடிச்சிருக்கு."

"தூசியா இருக்கும்."

"டெலஸ்கோப்ப நகத்தி வச்சும் எடுத்துட்டேன். தூசின்னா படத்துல அதே எடத்துல நிக்கணும். இது கேலக்ஸியோட சேந்துல்ல நகருது!"

"அப்ப அனுப்பு. எவனாவது முந்திக்கப் போறான். வெண்டைக்காயைக் கொன்னதுக்கு உன் பேராவது நிக்கட்டும்."

புதிதாகக் கண்டதை முதலில் தெரிவிப்பவரின் பெயர்தான் பதிவகத்தில் ஏறும். அவள் அனுப்பினாள். நான்கு நொடியில் பதில் வந்தது: 'படம் உண்மையோடு ஒத்துப்போகவில்லை. திருத்தியை இயக்கி மீண்டும் அனுப்பவும்.' திருத்தியை இயக்கினால் புள்ளி மறைந்துவிடும். விளக்கம் எழுதினாள். மனிதர் யாராவது பார்க்க வேண்டும் என்று கேட்டாள். 'மனிதர்களும் திருத்தியைக் கேட்டே முடிவு செய்வார்கள்' என்றது பதிவகம். ஐந்தாம் முறை அனுப்பியபோது வந்தது இது:

'உங்கள் கேமரா பழுது. இன்று இதே இடத்தில் இதே பழுது 212 கேமராக்களில் கண்டறியப்பட்டுள்ளது. இலவச முகாமுக்குக் கொண்டுவரவும்.'

ஜெசிந்தா இரண்டு முறை படித்தாள். பெருமூச்சு விட்டாள்.

"நல்லவேளை, நமக்கு மட்டும் இல்லீங்க."

முகாமில் வரிசை நீண்டிருந்தது. முன்னால் நின்றவர் திரும்பினார்.

"உங்களுக்கும் புள்ளியாம்மா?"

"ஆமாங்க. வடகிழக்கு ஓரத்துல."

"எனக்கும் அங்கதான். இந்த வருச மாடலே வெளங்கல."

"என்னோடது ஏழு வருசப் பழசு. கம்பெனியும் வேற."

"மேல பேருதான் வேற. உள்ள எல்லாம் ஒரே சாமான்தான் போடுறானுங்க."

அவர் தன் படத்தை அவளுடையதன் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டு புள்ளிகளும் அச்சுப் பிசகாமல் ஒரே இடத்தில் இருந்தன. ஜெசிந்தா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் எண்ணை அழைத்துவிட்டார்கள்.

பழுது பார்த்த பெண் திருத்தியை இயக்கினாள். அதை அணைக்கும் பொத்தானைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தை அடைத்தாள். திரையில் வடகிழக்கு ஓரம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஒரே நொடியில் பதிவகம் படத்தை ஏற்றுக்கொண்டது.

ஜெசிந்தா கேமராவை வாங்கி, கவலையோடு ஒருமுறை உற்றுப் பார்த்தாள்.

"புள்ளி திரும்ப வந்துடாதேம்மா?"

"வராதுக்கா. இனிமே நீங்களே நெனச்சாலும் வராது."