எழுபத்திரண்டு கிலோ இடம்

செவ்வாய்க் கிரகத்தில் விடிந்ததும் குயிலி வழக்கமான இரண்டு வேலைகளை முடித்தாள். குடியிருப்பின் அறுபத்தொரு பேரும் நேற்று சுவாசித்த காற்றின் பதிவைச் சர்வரில் சரிபார்த்தாள். பிறகு, பூமியிலிருக்கும் கணவன் இளஞ்சேரனுக்கு, பனித்துளியும் வாசனையும் உள்ள முப்பரிமாண ரோஜாப் படம் ஒன்றைக் காலை வணக்கமாகத் தட்டிவிட்டாள். ஆறு வருடங்களாக ஒருநாளும் தவறியதில்லை. என்ன ரோஜா என்று பார்த்ததும் இல்லை.

பழைய சர்வர் திணறத் தொடங்கியிருந்தது. பதிவைப் பார்த்துத்தான் இயந்திரம் காற்றை விடும்; பதிவு நின்றால் மூன்று மணி நேரத்தில் காற்றும் நின்றுவிடும். புதியது பூமியிலிருந்து வர வேண்டும். இரண்டு வருடத்துக்கொரு கப்பல். அதில் மிச்சமிருந்தது நூற்றைம்பது கிலோ இடம். தலைக்கு இவ்வளவு பதிவு, வருடத்துக்கு இவ்வளவு வளர்ச்சி, ஒரு வட்டு கெட்டால் மாற்று ஒன்று என்று குயிலி கூட்டிப் பார்த்தாள். எழுபத்தெட்டு கிலோ போதும். மீதி எழுபத்திரண்டு, செருப்போடு சேர்த்து இளஞ்சேரனின் எடை.

"எதுக்கும் இருக்கட்டும், முழு இடத்துக்கும் சர்வரே போட்டுடும்மா" என்றார் மருத்துவப் பிரிவுத் தலைவர் பிலோமினா.

"எதுக்கும்னா எதுக்கு டாக்டர்?"

பிலோமினா நடையைக் கட்டினார். மற்ற பிரிவுத் தலைவர்களும் அதே வாக்கியத்தோடு வந்து, அதே கேள்வியோடு திரும்பினார்கள். விவசாயப் பிரிவு ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகிறார்கள், அவளுக்குப் புருஷன் வேண்டும்.

கப்பலில் சர்வரும் வந்தது, இளஞ்சேரனும் வந்தான். குயிலி எல்லோர் முன்னாலும் அழுதாள். பத்தாம் நாள் சர்வர் சிவப்பாக எரிந்தது: இடமில்லை.

"உங்க ஃபோன்ல இருந்ததையெல்லாம் இதுல கொட்டினீங்களா?"

"வந்ததும் கொட்டச் சொன்னாங்க. இனி ஃபோனுக்கு வர்றதும் இதுலதான் விழுமாம். வெறும் படந்தானே, கனமே இல்லையே!"

ஆளை எடைபோட்டவள் அவன் ஃபோனை எடைபோடவில்லை. ஒவ்வொரு படமும் ஒரு மனிதனின் ஒரு வருடக் காற்றுப் பதிவை விழுங்கியிருந்தது.

"எந்த வேலையத்த ஜென்மம் இத்தனை அனுப்புச்சு? எல்லாத்தையும் அழிங்க!"

"மனசு வரலை" என்றான் இளஞ்சேரன், திரையை அவள் பக்கம் திருப்பி.

இரண்டாயிரத்துச் சொச்சம் ரோஜாக்கள். அதில் நானூறு ஒரே ரோஜா. ஒவ்வொன்றின் கீழும் அனுப்பியவர் பெயர்: குயிலி.

அவளுக்கும் மனசு வரவில்லை. பழைய காற்றுப் பதிவுகளில் கொஞ்சத்தை அழித்து, அடுத்த ஒரேயொரு நாள் பதிவுக்கு மட்டும் இடம் ஒதுக்கினாள்.

மறுநாள் விடிந்தது. எதிரே இளஞ்சேரன் உப்புமா தின்றுகொண்டிருந்தான். காற்றுப் பதிவைச் சரிபார்க்க உட்கார்ந்த குயிலியின் விரல், அவளைக் கேட்காமலே, முதலில் வேறொன்றைத் தட்டியது. அவன் மணிக்கட்டில் கட்டியிருந்த ஃபோனிலிருந்து ரோஜா மணந்தது.

சர்வர் சிவப்பாக எரிந்தது.