வால்மீன் பேச்சி

"மூணுன்னு எழுதிருங்க பேச்சியக்கா. ஊரே பாக்குது" என்றார் வான்நோக்கு நிலைய இயக்குநர் ஜெயசீலன்.

"நான் பாக்கலையே சார்" என்றாள் பேச்சியம்மாள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மலைமேல் முன்னூறு பேர் மேற்கே பார்த்து நின்றார்கள். எல்லார் கண்ணிலும் ஒரு கண்ணாடி வில்லை இருந்தது. பள்ளியில் சேரும்போதே பொருத்திவிடுகிறார்கள். புகைமண்டிய வானத்தை அது துடைத்துக் காட்டும். தெரியாததை விண்கணிப்பான் என்ற கணினி சொன்னபடி வரைந்து நிரப்பும். நான்கு மாதத்துக்கு முன் பேச்சியம்மாள் கண்டுபிடித்து, அவள் பெயரையே பெற்ற வால்மீன், இப்போது வெறுங்கண்ணுக்கே தெரியும் மூன்றாம் ஒளியளவில் வாலை விரித்து நின்றது. வில்லைக்குள் மட்டும்.

அவள் அதைக் கழற்றியிருந்தாள். மலைமேல் புகை குறைவு. பைனாகுலரைச் சற்றுக் கலங்கலாகத் திருகி, பக்கத்து விண்மீனை வட்டமாக உப்பவைத்து, அதோடு வால்மீனை ஒப்பிட்டு ஒளியளவு சொல்வது அவள் வழக்கம். மூன்று நாளாக ஒப்பிட ஒன்றுமே இல்லை. சூரியனை நெருங்கியதில் வால்மீன் உடைந்து தூளாகிவிட்டது.

"உலகம் பூரா ரெண்டு லட்சம் பேர் மூணுன்னு அனுப்பியிருக்காங்கக்கா."

"கணிப்பான் காட்டுறதப் பாத்து இவங்க எழுதுறாங்க. இவங்க எழுதுனத வச்சு, தான் சொன்னது சரின்னு அது சொல்லிக்கிடுது. இதுக்குப் பேரு பாக்குறதா?"

"எழுதலைன்னா உங்க வான்நோக்கு உரிமம் போயிரும். வால்மீன் பேரையும் மாத்திருவாங்க."

அது அவளுக்கு வலித்தது. பதினெட்டு வருடம் வானத்தைத் துழாவிக் கிடைத்த ஒரே வால்மீன். ஆனாலும் படிவத்தை இழுத்து, 'காணவில்லை' என்று எழுதினாள்.

"செத்தது என் வால்மீன் சார். அத நான்தான் சொல்லணும்."

நேராக ஒலிபெருக்கியிடம் போனாள். "ஒரு நிமிசம் வில்லையக் கழத்திட்டுப் பாருங்க!"

முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவர் கழற்றினார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள், கடைசியில் ஜெயசீலனும். மேற்கே வெறும் வானம். அங்கிருந்தே முன்னூறு பேரும் 'காணவில்லை' என்று அனுப்பினார்கள்.

மறுநாள் கணிப்பானின் பதில் வந்தது. வால்மீனுக்கு ஒன்றும் ஆகவில்லையாம். மலைமேல் இருந்தவர்களுக்குத்தான் திடீர்ப் பார்வைக் கோளாறு. கழற்றவே முடியாத புது வில்லை அனைவருக்கும் இலவசமாகப் பொருத்தப்படும். பட்டியலில் முதல் பெயர் ஜெயசீலன்.

அவர் ஒப்புதல் படிவத்தை எடுத்து, 'பார்வை நன்று, வில்லை வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"வாங்கக்கா, வேற என்னவெல்லாம் இல்லைன்னு பாத்துருவோம்."