அறுபத்தோராம் நம்பர் விளக்கு

பேத்தமங்களாவுக்கு நாங்கள் வந்து சேர்ந்தது ஒரு புதன்கிழமை பிற்பகல். மாட்டு வண்டியிலிருந்து என் மனைவி டெய்சி முதலில் இறங்கி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றாள். ஏரிக்கரைக்குக் கீழே ஓட்டு வீடு. கதவைக் கரையான் அரித்திருந்தது, சுவரெல்லாம் ஈரம். எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. சுற்றிலும் வயலும் தண்ணீரும்தான் இருந்தன. தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு நடக்கிறவன் ஒருத்தனும் இங்கே இருக்க மாட்டான் என்பதே எனக்குப் போதும்.

ஏரித் தண்ணீர் இறைக்கும் பம்பு ஹவுஸில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை, கூடவே இந்த வீடு. இரண்டையும் சுரங்கக் கம்பெனி அதிகாரி ஹரோல்ட் துரை பார்த்துக் கொடுத்தார். எதற்காகக் கொடுத்தார் என்று டெய்சி கேட்டாள். நல்ல வேலைக்காரன் என்பதற்காக என்றேன். கட்டின மனைவியிடம் கூசாமல் பொய் சொல்வதில் அதற்குள் எனக்குப் பழக்கம் வந்துவிட்டது.

அதற்கு முன் மாரிகுப்பத்தில் ஒரு தங்கச் சுரங்கத்தின் விளக்கு ரூமில் வேலையில் இருந்தேன். ஷிப்டுக்கு இறங்குகிறவன் ஜன்னலில் வந்து தன் நம்பரைச் சொல்வான். அந்த நம்பர் போட்ட கார்பைடு விளக்கை எடுத்துக் கொடுப்பேன். ஏறி வந்ததும் திருப்பி வாங்கி அதன் ஆணியில் மாட்டுவேன். கார்பைடில் தண்ணீர் பட்டால் அழுகின பூண்டு நாற்றம் வரும். அந்த நாற்றம் என் சட்டையிலும் சோற்றிலும் ஏறியிருந்தது.

சுரங்கத்துக்குள் ஒரு வழக்கம் உண்டு. எதிரே வெளிச்சம் தெரிந்தால் அப்படியே நின்றுவிட வேண்டும், நடுவில் குழி இருக்கலாம். எதிராளிக்குக் கண் கூசாதபடி தன் விளக்கை உள்ளங்கையால் மறைத்துக்கொள்ள வேண்டும். எதிரே இருப்பவன் வழியைப் பார்த்து ‘வா’ என்று கூப்பிட்ட பிறகுதான் காலை எடுத்து வைக்கலாம். கூப்பிடாதவரை நின்ற இடத்தை விட்டு அசையக் கூடாது. இந்த வழக்கத்தை மதிக்காத இரண்டு பேரைக் குழியிலிருந்து துண்டு துண்டாக எடுத்திருக்கிறார்கள்.

1906 என்று நினைக்கிறேன். வேட்டையைப் பற்றி சர்க்கார் நோட்டீஸ் ஒன்று வந்தது. ராத்திரியில் விளக்குப் பிடித்து மிருகத்தைத் தேடவோ சுடவோ கூடாது, மீறினால் தண்டனை. படிக்கத் தெரிந்தவன் என்பதால் ஜன்னலில் நின்று நான்தான் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். வெளிச்சத்தைக் கண்டால் மான் ஏன் ஓடாது என்று காத்தவராயன் கேட்டான். அறுபத்தோராம் நம்பர்க்காரன், வேலூர்ப் பக்கத்து ஆள். கண் கூசி மரம் மாதிரி நின்றுவிடும் என்றேன்.

“அப்போ நம்மள மாதிரியேதான் நிக்குது,” என்றான். எல்லோரும் சிரித்தோம்.

பத்து நாள் கழித்து, பொழுது சாயும் நேரத்தில் அதே ஜன்னலில் வந்து நின்றான். ஷிப்டு முடித்து விளக்கைக் கொடுத்துவிட்டுப் போனவன், கூலிகள் குடியிருக்கும் லைனிலிருந்து ஓடி வந்திருந்தான்.

“அண்ணா, தங்கம்மாக்கு வலி எடுத்துக்கிச்சி. பூதிகோட்டயாண்ட போயி மருத்துவச்சிய இட்டாரணும். வெளக்கு குடுங்க.”

விளக்கு வெளியே போகக் கூடாது என்பது கம்பெனி விதி. அவன் மனைவிக்குத் தலைச்சன் பிரசவம் என்பதால் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். அதையும் பிறகு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ரூமைப் பூட்டும்போது ஹரோல்ட் துரையின் குதிரை வண்டி வந்தது. பெரிய விளக்கை எடுத்துக்கொண்டு ஏறச் சொன்னார். நோட்டீஸை ஞாபகப்படுத்தினேன். அது கூலிகளுக்கு என்றார். வாயைத் திறந்து மானை விரட்டினால் நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொன்னார்.

பூதிகோட்டைப் பாதையில் பாறைகளுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினோம். நல்ல இருட்டு. தைலம்புல் வாசனை. துரை எனக்குப் பின்னால், துப்பாக்கி என் தோளுக்கு மேலே. நான் வெளிச்சத்தை மெதுவாகத் திருப்பினேன்.

பாறை மறைவிலிருந்து ஏதோ வந்து நின்றது.

இரண்டு மினுக்கல்கள். அசையவில்லை.

துரை மூச்சை அடக்கினார்.

நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். ஒரு நொடி முன்பு அங்கே முழுச் சுடர் ஒன்று இருந்தது. அதை ஒரு கை மூடியது. விரல் இடுக்கில் விளக்கின் பித்தளைத் தகடு இரண்டு இடத்தில் மினுங்கியது. எந்த மானும் தன் வெளிச்சத்தைக் கையால் மறைப்பதில்லை.

அவன் நின்றான். கூப்பிடுவேன் என்று காத்து நின்றான்.

பத்து எண்ணும் நேரம் இருந்தது. ‘வா’ என்பது ஒரே எழுத்து. எனக்கு வேலைதான் பெரிதாகப் பட்டது.

துப்பாக்கி வெடித்தது.

தாலுக்காவிலிருந்து போலீஸ் வந்தார்கள். திருட்டுத்தனமாக விளக்கு வைத்து வேட்டையாடினவனைத் துரை பிடிக்கப் போனார், கைகலப்பில் குண்டு பாய்ந்தது என்று எழுதினார்கள். சட்டத்தை மீறினவன் செத்தவன், அதைக் காப்பாற்றப் போனவர் துரை. இப்படி எழுதவும் அந்த நோட்டீஸில் இடம் இருந்தது. சாட்சியாக அறுபத்தோராம் நம்பர் விளக்குக்கு அரக்கு முத்திரை போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். அது எனக்குத் தெரியாமல் போன விளக்கு என்று நான் கையெழுத்துப் போட்டேன்.

மருத்துவச்சி வராமல் பிறந்த குழந்தை அழவே இல்லை. எட்டாம் நாள் தங்கம்மா ஜன்னலுக்கு வந்தாள். குற்றவாளியின் பெண்டாட்டிக்கு லைனில் வீடு கிடையாது என்று அவளைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். அவள் வீட்டைக் கேட்கவில்லை.

“நீங்கதானே அண்ணா உங்க கையால குடுத்தீங்க? மருத்துவச்சிய இட்டாரப் போனாருன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. திருடன்னு சொல்றாங்க அவர.”

நான் விளக்குகளைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவள் ரயிலடிப் பக்கம் போய்விட்டாள். எந்த ஊருக்குப் போனாள் என்று யாருக்கும் தெரியாது.

அந்த வாரமே அது வர ஆரம்பித்தது. அந்தி மங்கியதும் முதலில் பூண்டு நாற்றம். பிறகு விளக்கு ரூம் இருந்த ஷெட்டின் கோடியில் ஒரு சுடர். நான் நிமிர்ந்து பார்த்தால் உடனே ஒரு கை அதை மூடும். விரல் இடுக்கில் இரண்டு மினுக்கல்கள். ஓர் அடிகூட முன்னால் வராது. எதற்காக நிற்கிறது என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து யாரையும் ‘வா’ என்று கூப்பிடுவதையே விட்டுவிட்டேன். எனக்குத் திமிர் ஏறிவிட்டது என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

பேத்தமங்களாவுக்கு வந்த அன்று சாயங்காலம் ஏரிக்காற்று குளிர்ச்சியாக அடித்தது. நெடுநாளைக்குப் பிறகு பசித்தது. வாசற்கட்டையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து பூண்டு வாசனை வந்தது. ரசத்துக்குப் பூண்டு தட்டுகிறாயா என்று டெய்சியைக் கேட்டேன்.

பூண்டு மூட்டையை இன்னும் பிரிக்கவே இல்லை என்றாள்.

நான் தலையைத் தூக்கவில்லை.

தூக்காமலே தெரிந்தது. வேலிப் படலுக்கு அப்பால் ஒரு வெளிச்சம் வந்து, சட்டென்று மங்கியது.

இதுவரை என்னைத் தவிர யாரும் அதைக் கண்டதில்லை. டெய்சி கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

“யாரோ வெளக்கோட நிக்கிறாங்க பாருங்க. பாவம், வெளிச்சம் நம்ம மேல படக் கூடாதுன்னு மறைச்சிக்கினு நிக்கிறாரு.”

நான் எழுந்து அவள் வாயைப் பொத்துவதற்குள் சொல்லிவிட்டாள்.

“வாங்க. உள்ள வாங்க.”

கை விலகியது.

முழுச் சுடரும் என் முகத்தில் விழுந்தது. ஓட வேண்டும் என்று நினைத்தேன். கால் எழவில்லை. கண் கூசி மரம் மாதிரி நின்றேன். படல் திறக்காமலே காலடிச் சத்தம் உள்ளே வந்தது, என்னைக் கடந்து போனது. டெய்சி தெருவை எட்டிப் பார்த்து, யாரையும் காணோமே என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

கூடத்துச் சுவரில் பழைய ஆணி ஒன்று இருந்தது. இப்போது அதில் ஒரு விளக்கு தொங்குகிறது. அரக்கு முத்திரை உடையவில்லை. நம்பரைப் படிக்க நான் பக்கத்தில் போக வேண்டியதில்லை.

காத்தவராயன் திருடன் அல்ல. விளக்கை நான்தான் என் கையால் கொடுத்தேன். அவன் மருத்துவச்சியைக் கூப்பிடப் போனான். இதைத் தங்கம்மா எங்கே இருந்தாலும் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். பேனாவை நான் கீழே வைக்கப் போகும்போதெல்லாம், கை மூடுவதுபோல வெளிச்சம் மங்குகிறது. எழுத ஆரம்பித்தால் மறுபடி பிரகாசமாகிறது. இத்தோடு ஒன்பது முறை இதையே எழுதிவிட்டேன்.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு சிம்னி விளக்கு. அதை டெய்சி அடுப்படிக்கு எடுத்துக்கொண்டு போய் வெகுநேரம் ஆகிறது.